காதுகுத்து வீட்டில் ஒரு வீடியோ கேம்

என் வாழ்க்கையில் நான் துணிந்து சொன்ன முதல் உண்மைக்கு ஒரு பந்தியே விழுந்து விழுந்து சிரித்தது. நினைத்தால் இப்போதும் எனக்கு எரிகிறது. அடித்திருக்கலாம், திட்டியிருக்கலாம். சிரிப்பதற்கு அதில் என்ன இருந்தது?

காரைக்குடியில், எங்கள் வீட்டில், தங்கைக்குக் காதுகுத்து. நான் பத்தாவது முடித்திருந்தேன். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். ரேடியோக் கடையில் கழித்துப்போட்ட சாமான்களை வைத்துக் குட்டிக் குட்டி வீடியோ கேம் செய்வது அப்போது எனக்குப் பைத்தியம். பஸ் ஸ்டாண்டு பக்கத்து விளையாட்டுக் கடையில் ஆளுயர வீடியோ கேம் பெட்டிகள் சில நின்றன. சிங்கப்பூரில் பழசாகித் தள்ளிவிட்டவை. அவற்றில் ஒன்றைச் சோப்பு டப்பாவில் அப்படியே உள்ளங்கை அளவுக்குச் செய்துவிட்டேன். சிவப்பு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். நடுவிளக்கு எரியும்போது பொத்தானை அமுக்கினால் பச்சை விளக்கு எரிந்து 'கீ'யென்று கத்தும்.

அது என் கூட்டாளி சேவியருக்கு. அந்தக் கடையில் ஒரே காசைப் போட்டு வெகுநேரம் ஆடுவான். எல்லாரும் திரையைப் பார்ப்பார்கள், நான் அவன் முகத்தைப் பார்ப்பேன். அது எந்த மாதிரிப் பிடித்தம் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. அவன் அப்பா வாத்தியார். நாகர்கோவிலுக்கு மாற்றலாகிவிட்டது. காதுகுத்துக்கு முந்தின நாள்தான் அவன் எங்கள் வீட்டுக்கு வந்து, மறுநாள் மத்தியானப் பஸ்ஸுக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிக்கொண்டான். பந்தி முடிந்ததும் ஓடிப்போய்ப் பெட்டியைக் கொடுத்துவிடலாம் என்று அலமாரி மேல் வைத்திருந்தேன்.

சிங்கம்புணரியிலிருந்து சீர்த்தட்டுகளோடு வந்த தாய்மாமன் கண்ணில் அது பட்டுவிட்டது.

"அடேயப்பா! மாப்பிள்ளை, கட்டிக்கப்போறவளுக்கு இப்பவே சீர் செஞ்சு வச்சிருக்கீகளா?"

என்னைக் கேட்காமலே எடுத்துத் தன் மகள் கையில் கொடுத்தார். அவள் பிறந்த அன்றே எனக்கென்று பேசிவைத்த பெண். அதையும் என்னைக் கேட்டுச் செய்யவில்லை. அவள் அமுக்கிய முதல் அமுக்கிலேயே பச்சை விளக்கு எரிந்தது.

"இம்புட்டுத்தானா அத்தான்?"

"குடு. அது உனக்கில்ல. சேவியருக்கு."

பந்தியில் இருந்த பெரியப்பா வாயில் சோற்றோடு கேட்டார்: "பொண்டாட்டி முக்கியமா, கூட்டாளி முக்கியமாடா?"

"சேவியர்தான். நான் பொம்பளப்புள்ளைய கட்டிக்கவே மாட்டேன் பெரியப்பா. எனக்கு அவனத்தான் பிடிச்சிருக்கு. மாமா மகள எனக்குப் பிடிக்கணும்னு நினைக்கிறீகள்ல, அந்த மாதிரி."

இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? ஒரு நொடி இலையில் கைகள் நின்றன. மாமா முகம் மாறியது.

அப்போது குழம்பு வாளியோடு நின்ற அம்மா சிரித்தாள். அப்படியொரு சத்தமான சிரிப்பை நான் அவளிடம் கேட்டதில்லை.

"கேட்டீகளா இவன் பேச்ச! பஸ் ஏறப்போற கூட்டாளிய நினைச்சு என்னத்தையோ உளறுறான்!"

பந்தி வெடித்தது. "அப்ப சேவியருக்குப் பட்டுச்சேலை எடுத்துருவமா?" என்றார் மாமா. மறுபடியும் சிரிப்பு. நான் சொன்னது அவர்களுக்குப் பதில் சொல்லக்கூடத் தகுதியில்லாத பேச்சாகிவிட்டது. பெட்டியும் அவள் கையோடு போய்விட்டது.

அம்மா என் தோளைப் பிடித்து அடுப்படிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். "இங்குட்டு நிக்காத. பஸ் ஸ்டாண்டுக் கடையில போயி வெத்தல வாங்கிட்டு வா. அவசரமில்ல, பைய வந்தாப் போதும்."

நான் வீட்டில் இருப்பதே அவளுக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்தேன். ஆத்திரத்தில் சைக்கிளை மிதித்தேன். நாகர்கோவில் பஸ் இன்னும் கிளம்பவில்லை. ஜன்னலோரத்தில் சேவியர்.

"உனக்கு ஒரு கேம் செஞ்சேன்டா. புடுங்கிக்கிட்டாக."

"எனக்கா?" என்றான். கம்பிக்கு வெளியே கையை நீட்டி, பஸ் நகரும்வரை என் கையைப் பிடித்திருந்தான்.

அந்தப் பந்தியின் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் அப்போது, முதலில் சிரித்தவள் என்று அம்மாவோடுதான் நெடுநாள் பேசாமல் இருந்தேன். நான் சொன்னதை அந்த வீட்டில் ஒழுங்காகக் கேட்ட ஒரே ஆள் அவள்தான் என்பது எனக்குத் தெரியவில்லை. எங்கள் தெருமுனைக் கடையிலேயே வெற்றிலை இருக்கும் என்பதும் தோன்றவில்லை.