வெள்ளச்சிக்குப் போட்ட ஒரு பிடி

போன ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க நான் உட்காரவே இல்லை. பிரிக்பீல்ட்ஸ் வீட்டின் ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். போட்ட காப்பி ஆறிப்போனது. கையில் போன், மனசு காப்பாரில். காரணம், ஒரு ஆடு.

சிரிக்காதீர்கள். சொல்கிறேன்.

கிள்ளானைத் தாண்டி, காப்பார் பக்கம் ஒரு கம்பம், சின்னக் கிராமம். அங்கே ஏழு பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஆடு வளர்க்கிறார்கள். கொட்டகை வேலை ஆளுக்கொரு நாள். தலைவி லெட்சுமி அக்கா, பேக்டரி வேலையை விட்டுவிட்டு மற்ற ஆறு பேரையும் வீடு வீடாகப் போய் இழுத்து வந்தவர். முதலில் வாங்கிய ஆடு வெள்ளச்சி. இப்போது சினை. அது நல்லபடியாகக் குட்டி போட்டால்தான் குழு நிற்கும். ஏற்கெனவே இரண்டு பேர், ‘பேசாம பேக்டரிக்கே திரும்பிடலாம்’ என்று முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இவர்களைப் பற்றிப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் ஒருமுறை எழுதினேன். அன்றிலிருந்து அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் நானும் உண்டு.

சனிக்கிழமை கம்பத்துக் கோயிலில் அன்னதானம். கூப்பிட்டார்கள், போனேன். சாப்பிட்டுவிட்டு, மீதியான பிரசாதப் பொட்டலத்தோடு கொட்டகையை எட்டிப் பார்த்தேன். வெள்ளச்சி வேலி இடுக்கில் மூக்கை நீட்டியது.

ஆட்டுக்குச் சோறு ஆகாது, வயிற்றுக்குள் புளித்துப்போகும்... லெட்சுமி அக்கா இதைச் சொல்லிச் சொல்லியே ஓய்ந்துபோனவர். எனக்கும் தெரியும். ஆனால் கையில் இருப்பது பிரசாதம். குப்பையில் போட மனசு வருமா? சுற்றும் முற்றும் பார்த்தேன். யாரும் இல்லை.

ஒரே ஒரு பிடி. அவ்வளவுதான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் லெட்சுமி அக்காவின் குரல். “வெள்ளச்சிக்கு வயிறு ஊதிப் போச்சு. எழுந்திரிக்க மாட்டேங்குது. டாக்டர் போன்ல இருக்காரு. யாராச்சும் சோறு போட்டீங்களா? எவ்வளவுனு தெரிஞ்சாதான் மருந்து சொல்ல முடியுமாம்.”

“நான் புல்லுதான் போட்டேன்க்கா.”

“புல்லு மட்டும்தான் லா.”

 

ஒரு பிடிச் சோற்றுக்கா வயிறு ஊதும்? வேறு ஏதாவது தின்றிருக்கும். இப்படி என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு இன்னும் நாலு நடை நடந்தேன். வாராவாரம் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள், இப்போது ஒரு வரி டைப் செய்து டைப் செய்து அழித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

மறுபடியும் அக்கா. இந்த முறை குரல் உடைந்திருந்தது. “வயித்துல குட்டி இருக்கு. திட்ட மாட்டேன். சொல்லுங்க லா.”

அதற்கு மேல் தாங்கவில்லை. “நான்தான் அக்கா. பிரசாதச் சோறு. ஒரு பிடி” என்று பேசி அனுப்பிவிட்டேன்.

சமையலறை வரை போய்த் திரும்பினேன். பிறகு போன் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது.

“நானும் ஒரு பிடிக்கா.”

“நான் ரெண்டு. அது மூஞ்சியப் பார்த்தா பாவமா இருந்துச்சு.”

“புல்லுன்னு சொன்னேன்ல... சோறும் போட்டேன். சாரிக்கா.”

ஆறு பேர். என்னோடு ஏழு. ஒவ்வொருவரும் அன்னதானச் சோற்றோடு தனித்தனியாக வந்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத்தான் போட்டிருக்கிறோம். எதிரில் ஓர் உயிர் வந்து நின்றால், ‘சாப்டியா?’ என்று கேட்காமல் இருக்க நம் ஜனங்களால் முடியுமா என்ன? விதி போடுவதும் நாம்தான்... யாரும் பார்க்காதபோது ஒரு பிடி போடுவதும் நாம்தான்.

டாக்டர் சொன்னபடி சமையல் சோடா மாவைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினார்களாம். பிறகு நேரிலேயே வந்து ஊசி போட்டாராம். நான் மதியம் வரை நடந்தேன்.

இரண்டு மணிக்கு ஒரு போட்டோ வந்தது. வெள்ளச்சி நாலு காலில் நின்று அசை போட்டுக்கொண்டிருக்கிறது. வயிற்றுக் குட்டிக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். அப்போதுதான் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

போட்டோவுக்குக் கீழே லெட்சுமி அக்கா எழுதியிருந்தார்: “நானும் ஒரு பிடி போட்டேன். டாக்டர்கிட்ட காலையிலயே சொல்லிட்டேன். ஒரு பிடிக்கு இப்படி ஊதாது, மத்தவங்களையும் கேளுன்னாரு.”