சார், பதினெட்டு வரல

என் மகள் நேற்றுக் காலை கடல் அறிவியல் முகாமுக்குப் புறப்பட்டுப் போனாள். ஐந்து நாள் தங்கிப் படிக்கும் முகாம். இராஜபாளையம் பேருந்து நிலையத்தில் ஏற்றிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்புவதற்குள் நான் நாலு தடவை அவளுக்குப் போன் போட்டேன். "படிக்கத்தான போறா, சண்டைக்கா போறா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். என் மாமா நடத்திய முகாமைப் பற்றி அவருக்குத் தெரியாது. யாரிடமும் நான் அதை முழுதாகச் சொன்னதில்லை.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. மாமா, அம்மாவின் தம்பி, இராஜபாளையத்தில் விலங்கியல் ஆசிரியர். மலையடிவாரத்து ஊரில் இருந்துகொண்டு நட்சத்திர மீனைக் கரும்பலகையில் வரைந்து வரைந்து அவருக்கே அலுத்துவிட்டது. ஒரு மே மாதம் அவர் ஊர், எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் என இரண்டு ஊர்ப் பிள்ளைகளுமாக இருபத்துநான்கு பேரைத் திரட்டி, மன்னார் வளைகுடாக் கரையில் ஒரு மீனவர் ஊருக்கு அழைத்துப் போனார். தேவாலயத்தை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் தங்கல். அந்த இருபத்துநான்கில் நானும் மாமா மகளும் உண்டு. அவள் ஆறாம் வகுப்பு. அத்தை மகள் என்ற முறையில் என்னை மைனி என்று கூப்பிடுவாள். மரியாதை அந்தச் சொல்லோடு சரி.

வண்டி ஏறுமுன் மாமா எங்கள் இருவரையும் தனியே அழைத்தார். "ஏட்டி, கேட்டுக்கோங்க. அங்க நான் மாமாவும் இல்ல, அப்பாவும் இல்ல. சார். வெளங்குதா?"

மாமா மகள் விறைப்பாக நின்றாள். "வெளங்குது சார். பசிச்சா மட்டும் யார்ட்டக் கேக்கணும்?"

எங்களில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததே இல்லை. வண்டி நின்றதும் செருப்பைக் கூடக் கழற்றாமல் ஓடினோம். வன்னியம்பட்டிப் பையன் ஒருவன் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டான். "எம்புட்டுத் தண்ணி! எங்க கண்மாய்க்கு ஒரு வாய்க்கா வெட்டிவிட்டா என்ன கொறஞ்சா போயிரும்?" என்று நியாயம் கேட்டான். ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகு அந்தத் திட்டத்தைக் கைவிட்டான்.

இரண்டு நாள் போனதே தெரியவில்லை. நட்சத்திர மீன் என் உள்ளங்கையில் நூறு குட்டிக் கால்களால் நடந்தது. கடல் அட்டை ஒன்று, தொட்ட கோபத்தில் மாமாவின் சட்டையில் தண்ணீரைப் பீய்ச்சியது. நுண்ணோக்கியில் ஒரு சொட்டுக் கடல்நீரைப் பார்த்தால் உள்ளே எங்கள் ஊர்த் தேரோட்டக் கூட்டம். தூங்கப் போகும்போதும் அடுத்த நாள் எதைப் பிடிப்பது என்றுதான் பேச்சு.

ஆளுக்கு ஓர் எண் உண்டு. விசில் ஊதினால் கரைக்கு வந்து வரிசையாக எண்ணைச் சொல்ல வேண்டும். நான் பதினேழு. மாமா மகள் பதினெட்டு.

மூன்றாம் நாள் காலை தண்ணீர் நன்றாக வடிந்து பாறைகள் தெரிந்தன. ஜோடி ஜோடியாகத் தேடினோம். அதிக உயிர்களைக் கண்டுபிடிக்கும் ஜோடிக்கு மறுநாள் படகுச் சவாரி. நானும் மாமா மகளுமான ஜோடியும் இராஜபாளையத்து இரட்டையரும் சமமாக நின்ற நேரத்தில் விசில் கேட்டது. மாமா மகள் ஒரு பாறைக்குப் பின்னால் குனிந்து கிடந்தாள்.

"மைனி, கடல்குதிர! வாலால புல்லச் சுத்திப் பிடிச்சிருக்கு. செத்த நேரம் பாத்துட்டு வாரேன். எனக்கும் சேத்து நீயே சொல்லிரு."

எனக்கு அதில் தவறே தோன்றவில்லை. எங்கள் பெண்கள் பள்ளியில், வராத தோழிக்காகக் குரலை மாற்றி 'உள்ளேன் டீச்சர்' சொல்வது கடமை, சொல்லாதவள்தான் துரோகி. கரையில் என் முறை வந்ததும் "பதினேழு" என்றேன். குனிந்து செருப்பைச் சரிசெய்வது போல, மெல்லிய குரலில் "பதினெட்டு" என்றேன். பின்னாலிருந்தவன் "பத்தொம்பது" என்று கத்தினான். இருபத்துநான்கும் சரியாக வந்தது.

மாமா நிம்மதியாக உட்கார்ந்து ஒரு நண்டை மல்லாத்தி, ஆண் எது பெண் எது என்று காட்டத் தொடங்கினார். எல்லோரும் சுற்றி நெருக்கினோம். நானும் நெருக்கினேன். நண்டு, சிப்பி, மறுபடி நண்டு என்று பாடம் உச்சிவெயில்வரை நீண்டது. அவளை மறந்தே போனேன்.

திரும்பிப் பார்த்தபோது பாறைகளைக் காணவில்லை. கடல் ஏறி ஒரே தண்ணீர்.

முதலில் வந்த பயம் அவளுக்காக அல்ல. பொய் வெளியாகிவிடுமே என்றுதான். மாமா இன்னும் இரண்டு நண்டுகளைக் காட்டி முடிக்கும்வரை சும்மா நின்றேன்.

"சார்," என்றேன். "பதினெட்டு வரல."

"எந்தப் பதினெட்டு?" என்றார், நண்டைப் பார்த்தபடியே.

பிறகு நண்டைக் கீழே போட்டார்.

மாமாவுக்குக் கிணற்று நீச்சல் மட்டும்தான் தெரியும். செருப்பும் கைக்கடிகாரமுமாக அப்படியே கடலுக்குள் ஓடினார். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் எழுந்து ஓடி அவரை முந்தினார். தூரத்தில் ஒரு தலையும், ஆட்டுகிற கையும் தெரிந்தன. பாறைமேல் நின்றிருந்தாள், நெஞ்சுவரை தண்ணீர்.

"சார்! சீக்கிரம் வாங்க சார்! இன்னும் இங்கதான் இருக்கு!"

கடல்குதிரையைச் சொல்கிறாள். கரையில் நாங்கள் கைதட்டினோம். மீனவர் அவளைத் தோளில் தூக்கி வந்தார். மாமா அவளுடைய ஒரு பாதத்தைப் பிடித்தபடியே கூட நடந்து வந்தார். கரையேறிய பிறகும் விடவில்லை. "சார், கூசுது" என்றாள்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. யார் பதினெட்டு சொன்னது என்றும் கேட்கவில்லை. "எல்லாரும் நில்லுங்க. எண்ணுங்க" என்றார். எண்ணினோம். "இன்னொரு தடவ." மறுபடியும் எண்ணினோம். நாலாவது தடவை வன்னியம்பட்டிப் பையனுக்குப் பொறுக்கவில்லை.

"சார், இருவத்துநாலுதான். அதுக்குள்ள குட்டியா போட்டுரும்?"

நாங்கள் சிரித்து மணலில் உருண்டோம். மாமா மகள்தான் அதிகம் சிரித்தாள்.

மீனவர் வீட்டிலிருந்து மாமாவுக்குத் தேநீர் வந்தது. தம்ளரை வாய்வரை கொண்டுபோகவே அவருக்கு முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்தார். அப்படியும் பாதி சட்டையில் கொட்டியது. எனக்குப் பாவமாக இருந்தது. "சாருக்குக் குளுருது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, ஓடிப்போய் என் துண்டை எடுத்துவந்து அவர் தோளில் போர்த்தினேன். அவரும் அதை இழுத்து மூடிக்கொண்டார். செய்த தப்புக்குச் சரியாகப் போயிற்று என்று எனக்குப் பெருமை.

அன்று காலை நானும் அதே கடலில்தான் நின்றிருந்தேன். மே மாத வெயிலில் அது வெந்நீராகக் கிடந்தது.