மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள்

எங்கள் நைனாவுக்கு ஒரு பழக்கம். தட்டில் சோறு விழுந்ததும் முதல் கவளத்தை ஓரமாக ஒதுக்கி வைப்பார். அது மாட்டுக்கு. சாப்பிட்டு எழுந்ததும் அதை ஊட்டிவிட்டுத்தான் கை கழுவுவார். ஒரு கவளம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். எனக்குச் செஞ்சியில் ஆபீஸ் வேலை, தினமும் பஸ்ஸைத் துரத்தும் பிழைப்பு. மாடு முழுக்க அவர் பொறுப்பு.

போன மாட்டுப் பொங்கலன்று கவளம் பானையாகிவிட்டது. கொம்புக்கு வர்ணம் அடித்து, மாலை போட்டு, படைத்த பொங்கலை ஊட்டினார். நான் பார்த்தது அவ்வளவுதான். மறுநாள் காலையில் மாடு படுத்தே கிடந்தது. இடப்பக்க வயிறு உப்பியிருந்தது. வைக்கோலை மோந்துகூடப் பார்க்கவில்லை, அசைபோடவும் இல்லை.

"நைனா, இன்னா குடுத்தே?"

"பொங்கல்தான். மிச்சம் இருந்ததையும் வச்சேன். அப்புறம் தெருவுல இருக்கிறவங்களும் ஆளுக்கு ஒரு குண்டான் கொண்டாந்தாங்க. நல்ல நாளும் அதுவுமா வேணாம்னா சொல்ல முடியும்?"

"பாசம் வச்சே கொன்னுடுவியா!" என்று கத்தினேன். அவர் மாட்டின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். காப்பியும் வேண்டாம், சோறும் வேண்டாம். அம்மா போன பிறகு அவர் மனம்விட்டுப் பேசுவது அந்த மாட்டோடுதான். அதுவும் போனால் இந்த மனுஷர் தாங்கமாட்டாரே என்று கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

காணும் பொங்கல் என்றும் பாராமல் டாக்டரம்மா வந்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்ததுமே, "சோறா?" என்றார். பொங்கல் வந்தாலே ஊர் ஊருக்கு இதே கதையாம்.

ஆப்ப சோடாவைக் கரைத்துக் குழாய் வழியே உள்ளே விட்டபடி சொன்னார்: "வைக்கோலை மாடு தானா செரிக்கிறதில்லமா. வயித்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உயிருங்க கோடிக்கணக்குல இருக்குது. அங்க காத்து கிடையாது. காத்து இல்லாமலே வைக்கோலைப் புளிக்க வச்சு அதுங்க பொழைக்குது. அப்போ வர்ற அமிலம்தான் மாட்டுக்குத் தெம்பு. சோறு நிறைய விழுந்தா வேற கூட்டம் கிளம்பிடும். அதுவும் புளிக்கத்தான் வைக்கும், ஆனா படுவேகமா. தயிர்ல இருக்கிற அதே புளிப்பு தாறுமாறா ஏறி, வைக்கோல் தின்னுற உயிருங்க செத்துடும்."

நைனா நிமிர்ந்து பார்த்தார். "செத்ததை எப்படிம்மா திரும்பக் கொண்டார்றது?"

டாக்டரம்மா எதிர் வீட்டுத் தொழுவத்துக்குப் போனார். தங்கள் மாட்டுக்கு ஒரு வாய் மட்டும் ஊட்டிவிட்டு, மிச்சத்தை எங்கள் மாட்டிடம் கொட்டிய புண்ணியவான்கள் அவர்கள். அசைபோட்டுக்கொண்டிருந்த அந்த மாட்டின் வாயில் கைவிட்டுக் கொஞ்சம் வழித்தெடுத்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து வடிகட்டி, எங்கள் மாட்டுக்குள் செலுத்தினார்.

"பாலுக்கு உறை ஊத்துற மாதிரிதான் பெரியவரே."

"தோயுமா?"

"காலைல தெரியும்."

விடிந்தும் விடியாமலும் நைனா கூப்பிட்டார். "ஓடியா! அசைபோடுது!" ஓடினேன். தாடை பக்கவாட்டில் மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. குனிந்த என் முகத்திலேயே ஓர் ஏப்பம் விட்டது. அந்த நாற்றத்துக்கு நான் அழுதுவிட்டேன்.

"பசிக்குது, சோறு போடு" என்றார் நைனா. அங்கேயே பழைய சோறு பிழிந்து வைத்தேன். நைனாவின் கை தன்னால் முதல் கவளத்தை ஒதுக்கியது. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அந்தக் கவளத்தை எடுத்து மாட்டிடம் காட்டி, "இது எனக்கு. உனக்கு வைக்கோல்" என்று சொல்லிவிட்டுத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.