விசையைக் கட்டிய ரப்பர்

மஞ்சூர்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் இருபத்தாறு வருஷம் கொழுந்து பறித்தவள் கருப்பம்மாள். கையால் கிள்ளிய காலத்தில் விரல் நுனி வெடித்ததோடு சரி. பிறகு பேட்டரியில் ஓடும் மெஷின் வந்தது. மெஷினைக் குறை சொல்ல முடியாது. பிடியில் ஒரு விசை இருந்தது. அதை அழுத்திப் பிடித்தால்தான் கத்தி ஓடும். கை நழுவினால் அந்த நொடியே நின்றுவிடும். செய்தவனுக்கு விரலின் அருமை தெரிந்திருக்கிறது.

எஸ்டேட்டுக்குத்தான் தெரியவில்லை. நாளெல்லாம் விசையை அழுத்தினால் கை மரத்துப்போகும், பறிக்கும் கொழுந்தின் எடை குறையும். எடை குறைந்தால் சூப்பர்வைசர் லிங்கசாமிக்கு ஆபீஸில் திட்டு விழும். அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பழைய லாரி டியூபைத் தன் கையாலேயே கீற்றுக் கீற்றாக வெட்டி, காலை மஸ்டரில் பேர் கூப்பிடும்போது ஆளுக்கொன்று நீட்டினார். அதை விசையைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டால் கத்தி நிற்கவே நிற்காது. எடை ஏறியது. கருப்பம்மாளும்தான் கட்டினாள். அந்த உறுத்தல் அவளுக்கு இன்றும் போகவில்லை.

ஒரு மழை நாளில் பக்கத்து வரிசையில் ஆயம்மாள் சறுக்கி விழுந்தாள். மெஷின் கையை விட்டுப் போயிற்று. கத்தி ஓடிக்கொண்டே இருந்தது. இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

மூன்றாம் நாள் லிங்கசாமி ஒரு தாளோடு வந்தார். ஆயம்மாள் தன்னிஷ்டத்துக்கு ரப்பர் கட்டினாள், தப்பு அவளுடையது என்று அதில் எழுதியிருந்தது. சாட்சிக் கையெழுத்து கருப்பம்மாள் போட வேண்டுமாம். போட்டால் ஆயம்மாளுக்கு வேலையும் போகும், எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும்.

"ஏனுங்க, ரப்பர் குடுத்தது நீங்கதானுங்களே?"

"கட்டச் சொல்லி ஆராவது எழுதிக் குடுத்தாங்களாம்மா?"

என்ன நெஞ்சழுத்தம்! விரல் போனவள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், டியூபை வெட்டியவர் பேனாவை நீட்டுகிறார். கருப்பம்மாள் அதைத் தொடவில்லை.

மறுநாள் மஸ்டரில் தன் மெஷினின் ரப்பரை அவிழ்த்து அவர் மேசையில் போட்டாள். பின்னாலேயே மற்றப் பெண்களும் ஒருத்தி விடாமல் போட்டார்கள். அத்தனையும் ஒரே டியூப், ஒரே அகலம்.

அன்று மெஷின்கள் நின்று நின்று ஓடின. எடை பாதிகூட வரவில்லை. லிங்கசாமி வரிசைக்குள் ஓடிவந்தார்.

"ஏம்மா நிக்குது?"

"கைய எடுத்தேனுங்க, நின்னுருச்சு. ஆயம்மாளுக்கும் இப்பிடித்தானுங்க நின்னிருக்கோணும். ரப்பர் குடுத்தது ஆருன்னு எழுதிட்டு வாங்க, கையெழுத்துப் போடறேன்."

அதற்கப்புறமும் மூன்று நாள் எடை ஏறவில்லை. நான்காம் நாள் ஆபீஸிலிருந்து வந்த புதுத் தாளில் ரப்பர் கொடுத்தவராக லிங்கசாமியின் பேர் இருந்தது. கருப்பம்மாள் கையெழுத்துப் போட்டாள். ஆயம்மாளின் வேலையும் வீடும் தப்பின. விரல் போனது போனதுதான்.