கிளிக் செய்யாமல் போகிறவர்கள்

குமுளியில், பேருந்து நிலையத்திலிருந்து மேலே ஏறும் சாலையில், ஒரு மிளகுக் கடையின் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். அப்பா, அம்மா இருவரும் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். அப்பா போய்விட்டார். அம்மா தம்பியோடு திருப்பூரில் இருக்கிறாள். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் இருந்த நான், வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று ஆனபோது மலைக்குத் திரும்பினேன். பிறகு அந்தக் கம்பெனி வேலையும் விட்டுப்போனது. மலை மட்டும் மிஞ்சியது.

என் வேலையை யாருக்கும் விளக்குவது எளிதில்லை. ஒருவர் தன் போனில் ‘குமுளியில் குடும்பத்தோடு தங்க இடம்’ என்று தேடினால், எனக்கு வேலை கொடுத்தவரின் பக்கம் மேலே வரவேண்டும். அதற்காக எழுதுவேன், திருத்துவேன், படம் ஏற்றுவேன். கீழே கடைக்காரர் என்னைப் பற்றி மற்றவர்களிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்: “மேல ஒரு பிள்ள இருக்கு. கம்ப்யூட்டர்ல என்னமோ அடிச்சிக்கிட்டே இருக்கும்.” அது தப்பில்லை.

எனக்கு முதலில் வேலை கொடுத்தவர் ஒரு ஓய்வுபெற்ற டீச்சர். கணவர் இறந்த பிறகு பெரிய வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் நான்கு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் ஹோம்ஸ்டே ஆக்கியவர். அவருடைய பக்கத்துக்காக நான் நிறைய எழுதினேன். எந்த மாதத்தில் காலில் அட்டை ஏறும், எந்தக் கடையில் காலையிலேயே புட்டு தீர்ந்துபோகும், மழை விட்டதும் எந்தப் பக்கம் நடந்தால் நன்றாக இருக்கும் என்றெல்லாம். பெரிய ஏஜென்சிகள் எழுதாத விஷயங்கள் என்பதால் பக்கம் மெல்ல மேலே ஏறி, முதல் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

அந்தப் பக்கத்தை இந்த நிமிடம் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று காட்டும் திரை ஒன்று உண்டு. உலகப் படத்தில் சின்னச் சின்ன நீலப் புள்ளிகள் தெரியும். மதியம் சாப்பிடும்போது தட்டை மடியில் வைத்துக்கொண்டு அதைத்தான் பார்ப்பேன். சென்னையில் இரண்டு, மதுரையில் ஒன்று. வெள்ளிக்கிழமை மதியங்களில் வளைகுடாப் பக்கம் ஒரு புள்ளி வந்து நெடுநேரம் நிற்கும். அங்கே விடுமுறை நாள், யாரோ ஊருக்கு வரத் திட்டம் போடுகிறார் என்று நானே கதை கட்டிக்கொள்வேன். பேச்சுத் துணை என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒரே அறையில் இன்னொருவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பதுபோல ஏதோ ஒன்று இருந்தது.

பிறகு தேடல் பக்கத்தின் உச்சியில் இயந்திரமே பதில் எழுதத் தொடங்கியது. கேள்வி கேட்டால் பத்துப் பக்கங்களைப் படித்து நான்கு வரியில் சொல்லிவிடும். என் பக்கம் அதே முதல் இடத்தில்தான் இருந்தது. ஆனால் யாரும் உள்ளே வரவில்லை. வெளியே தொங்கும் பதிலைப் படித்துவிட்டு அப்படியே போனார்கள். புள்ளிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் படம் முழுக்க வெறும் சாம்பல் நிறமாக இருந்தது. சோறு ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங்கில் அடுத்து என்ன’ என்று இணையத்தில் ஒரு வகுப்பு நடந்தது. சேர்ந்தேன். எல்லாருடைய கேமராவும் அணைந்திருந்தது. கறுப்புக் கட்டங்களுக்கு நடுவே ஒருவர் மட்டும் பேசினார். இனி மனிதர்கள் உங்கள் பக்கத்துக்கு வரமாட்டார்கள், இயந்திரம்தான் உங்கள் வாசகர், அது எடுத்துச் சொல்லும்படி எழுதுங்கள் என்றார். ஆட்கள் தட்டச்சு செய்வது குறையும், பேசியே தேடுவார்கள். விருந்தினர் எழுதும் விமர்சனங்களுக்கு மதிப்பு கூடும் என்றார். அவர் சொன்ன எல்லாம் சரிதான். கேள்வி உண்டா என்று கேட்டபோது கட்டங்களிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. நானும் கேட்கவில்லை.

டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கவலைப்படவில்லை. போன் வந்துகொண்டுதான் இருக்கிறது, வருகிறவர்கள் ‘போனில் கேட்டோம், அது சொன்னது’ என்கிறார்கள் என்றார். “அப்ப நீ எழுதினது வீணாப் போகலை பிள்ள. வேற யாரோ வாசிச்சுச் சொல்லுதாக, அவ்வளவுதான்” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

மழை ஓய்ந்த ஒரு பிற்பகல் புதிய படங்கள் எடுக்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வராந்தாவில் கோயம்புத்தூரிலிருந்து தனியாக வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். போனை வாயருகே வைத்து, தனியாக நடந்து போக இங்கே எது நல்ல இடம் என்று கேட்டார். போன் ஒரு பெண் குரலில் பதில் சொன்னது.

“மழை விட்டதும் ஏலக்காய் ஸ்டோர் வழியாக நடந்தால், கண்ணை மூடினாலும் வாசனை வழி சொல்லும். எளிதான பாதை, தனியாகச் செல்ல ஏற்றது.”

முதல் வாக்கியம் என்னுடையது. ஏலக்காயைச் சூடேற்றிக் காயவைக்கும் அந்த ஸ்டோர் பக்கம் சின்ன வயதில் அம்மாவைத் தேடிப் போன வழியை நினைத்து எழுதியது. இரண்டாவது வாக்கியம் யாருடையது என்று தெரியவில்லை. அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

“அந்த வழி இப்ப இல்லைங்க,” என்றேன். “போன மழையில மண்ணு சரிஞ்சு பாதிப் பாதை போயிருச்சு. தோட்டத்துல கேட் போட்டுப் பூட்டிட்டாங்க.”

“போன்ல இருக்குதுன்னு சொல்லுதுங்களே.”

“அது நான் எழுதினது. மண்ணு சரிஞ்ச மறுநாளே மாத்திட்டேன். ஆனா அதுக்கு முன்னாடியே நாலு பேர் அவங்க பக்கத்துல எடுத்துப் போட்டுட்டாங்க. அது பழசையே சொல்லுது.”

அவர் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏனுங்க, இதெல்லாம் ஆளுக எழுதறதுங்களா? அதுவாப் பேசுதுன்னுல்ல நெனச்சேன்.”

வேறு வழியில் கூட்டிப்போவதாகச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது; எனக்கு அப்படிப் பழக்கமில்லை. சாலையோரச் சிலுவை நிற்கும் குருசடியைத் தாண்டி மேட்டில் ஏறும் தார்ச் சாலையில் நடந்தோம். அதில் விசேஷமாக ஒன்றுமில்லை. கீழே கம்பம் பள்ளத்தாக்கு வெயிலில் கிடந்தது, எங்கள் பக்கம் மட்டும் மூட்டம். மகள் படிக்க வெளிநாடு போய்விட்டாள், வீட்டில் சும்மா இருக்க முடியாமல் வந்தேன் என்றார். என் வேலையைப் பற்றிக் கேட்டார். புள்ளிகளைப் பற்றி முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன்.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டார். “கோயம்புத்தூர்ல புள்ளி இருந்துச்சுங்களா?”

“எப்பவும் இருக்கும்.”

“அதுல ஒண்ணு நானா இருந்திருப்பேனுங்க. அவ போனதுக்கப்பறம் மத்தியானமெல்லாம் இப்படித்தான் ஊரு ஊராப் படிச்சிட்டுக் கெடப்பேன். போகோணும்னு இல்ல. சும்மா.”

சாலையோரக் கடையில் நின்று பால் விடாத கட்டன் சாயா குடித்தோம். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரே குடைக்குள் வந்தோம். மறுநாள் காலை வண்டியில் அவர் ஊருக்குப் போய்விட்டார். நான் அப்போது அறையில் படங்களைச் சுருக்கி ஏற்றிக்கொண்டிருந்தேன்.

போன் பழைய வழியைச் சொல்வதை நிறுத்த நெடுநாள் ஆயிற்று. பிழை என்று புகார் அனுப்பினேன், நகலெடுத்த பக்கங்களுக்கெல்லாம் எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை. அதற்குள் இன்னும் இரண்டு குடும்பங்கள் பூட்டிய கேட் வரை போய்த் திரும்பியதாக டீச்சர் சொன்னார். கடைசியில் அவர் கொடுத்த தகரத்தில் ‘பாதை மூடப்பட்டுள்ளது’ என்று தமிழிலும் மலையாளத்திலும் பெயிண்டால் எழுதி, திருப்பத்தில் இருந்த சில்வர் ஓக் மரத்தில் கட்டினோம். இணையத்துக்கு வெளியே நான் எழுதிய ஒரே அறிவிப்பு அது. அதைப் படித்து இரண்டு பைக்குகள் என் கண் முன்னாலேயே திரும்பிப் போயின.

விருந்தினர் விமர்சனங்களுக்கு டீச்சர் பெயரில் பதில் எழுதுவதும் என் வேலைதான். இயந்திரம் இப்போது அவற்றையும் படிக்கிறது என்பதால் ஊர்ப் பெயர், அறை, சாப்பாடு எல்லாம் வரும்படி எழுதவேண்டும். சில வாரம் கழித்து கோயம்புத்தூர்க்காரர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். அறை சுத்தம், மீன் குழம்பு அருமை என்று எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: “அங்கே ஒரு பெண் என்னோடு கூட நடந்து வந்தார். பெயர் கேட்க விட்டுப்போயிற்று.”

டீச்சருக்குப் போன் செய்து என்ன பதில் போடலாம் என்று கேட்டேன். “நீயே போடு பிள்ள, ஒனக்குத்தான தெரியும்,” என்றார்.

‘குமுளியில் எங்கள் வீட்டில் தங்கியதற்கு மிக்க நன்றி’ என்று தொடங்கினேன். அறையைப் பற்றியும் மீன் குழம்பைப் பற்றியும் எழுதினேன். பிறகு, ‘உங்களோடு நடந்து வந்தவர் உங்களை மிகவும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்’ என்று சேர்த்து, டீச்சரின் பெயரைப் போட்டு அனுப்பினேன்.

அவர் அதைப் படித்தாரா என்று தெரியாது. அந்த இடத்தில் பதிலுக்கு மறுபதில் எழுத வசதி கிடையாது.