மூன்றாம் நம்பர் தறியின் விக்கல்

அமாவாசை அன்றுதான் எங்கள் தெருவுக்குக் காது திறக்கும்.

மற்ற நாட்களில் நாங்கள் பேசுவதில்லை — கத்துவோம். ஆரணியில் என் வீட்டுக்கும் பத்மா அக்காவின் பவர்லூம் ஷெட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் பத்துத் தறிகள். காலையில் என் டீ ஆறுவதற்குள் ஆரம்பித்துவிடும். டடக், டடக், டடக்... அந்தச் சத்தத்தில்தான் பல் தேய்க்கிறேன், அந்தச் சத்தத்தில்தான் இந்தப் பத்தியையும் எழுதுகிறேன். அமாவாசைக்கு மட்டும் ஷெட்டுக்கு லீவு. அன்றைக்குத்தான் தெரிய வரும் — எதிர்வீட்டு குக்கர் விசிலடிக்கிறது, முருங்கை மரத்தில் அணில் இருக்கிறது, என் ஃபேனுக்கு ஆஸ்துமா இருக்கிறது...

போன அமாவாசை சாயங்காலம், காது திறந்திருந்த அந்தத் தெருவில், ஒரு பங்க் பேண்டும் ஒரு ராப் ஜோடியும் பாட வந்தார்கள்.

ஆரணியிலா? பங்க்கா?

ஏன், பட்டுப்புடவை ஊர் என்றால் நாதஸ்வரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா?

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். பேண்டின் பெயர் ‘கரண்ட் கட்’. கிட்டார் தினேஷ், செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். டிரம்ஸ் குணா; பக்கத்து ஊர் சேத்துப்பட்டு ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பேஸ் கிட்டார் யூசுப். தையல் கடை, பேச்சு குறைவு. மூவருக்கும் முப்பது தாண்டிவிட்டது. கிட்டாரில் தெரிந்தது மூன்றே கார்டு, அதாவது மூன்றே சுரக்கூட்டு. அதை வைத்துக்கொண்டு ஒரு மூட்டைப் பாட்டு. பாட்டு என்றால், கழுத்து நரம்பு புடைக்க ஒரு கூப்பாடு. நீங்கள் காதைப் பொத்துவதற்குள் முடிந்துவிடும். அதுதான் பங்க். எனக்கு சுருதி வராது, அதனால் என்ன, கோபம் வருகிறதே — என்று மேடை ஏறுகிற இசை.

ராப் ஜோடியின் பெயர் ‘செகண்ட் ஷிப்ட்’. வேலை முடிந்த பிறகுதான் பாட்டு என்பதால் அந்தப் பெயர். ரேவதி ஓர் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள். தேவிகாபுரத்துப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறாள். வரிகள் எல்லாம் அந்த ஜன்னலோரத்தில் பிறந்தவை. அவள் தோழி ஷகிலா ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள். வாயாலேயே டிரம்ஸ் வாசிப்பாள். உதடு, நாக்கு, மூக்கு எல்லாம் சேர்ந்து ஒரு பேண்டு செட்!

இந்த ஐந்து பேருக்கும் ஊரில் கிடைத்த ஒரே பயிற்சி இடம், பத்மா அக்கா ஷெட்டின் பக்கவாட்டு அறை. மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் துரத்திவிட்டார்கள். அக்கா மட்டும், “பத்துத் தறி கத்திகினு கீது. பதினொன்னாவதா நீங்களும் கத்துங்க. இன்னா இப்போ?” என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

ஒரே அறை. இரண்டு கோஷ்டி. ஒரே ஒரு பிளக் பாயின்ட். சண்டை வராமல் இருக்குமா?

“இன்னாம்மா, இன்னும் பேசிகினே கீறீங்க? பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?” என்பார் தினேஷ், கதவில் சாய்ந்துகொண்டு.

“இதான் அண்ணா பாட்டு. உங்களுது மாதிரி பல்லு புடுங்கும்போது வர்ற சத்தம் இல்ல” என்பாள் ரேவதி.

“நாங்க வாசிக்கிறோம். நீங்க பேசறீங்க. பேசறதுக்கு எதுக்கும்மா பிளக்கு?”

“வாசிக்கிறீங்களா? குணாண்ணன் ஆட்டோவே அதவிட நல்லா வாசிக்குது!”

இதற்கு குணாவே சிரித்துவிட்டார். தினேஷ் அவரிடம் அன்று முழுக்கப் பேசவில்லை.

சுவரிலும் போர் நடந்தது. பேண்டுக்காரர்கள் கறுப்பு மையில் ஒரு மின்னல் வரைந்தார்கள். மறுநாள் அதன்மேல் ‘செகண்ட் ஷிப்ட்’ என்று குண்டுகுண்டு நீல எழுத்துகள். அதற்கு மறுநாள் அந்த எழுத்துகளுக்குக் கொம்பும் வாலும் முளைத்தன. பத்மா அக்கா வந்து பார்த்தார். “ரெண்டு கோஷ்டியும் சேந்து ஜல்தியா சுண்ணாம்பு அடிங்க. ஒரே பேஜாரா கீது உங்களோட” என்றார். அடித்தார்கள். இந்தப் பாதி அவர்கள், அந்தப் பாதி இவர்கள். நடுவில் ஒரு முழம் அடிக்காமல் விட்டுவிட்டார்கள் — எல்லையாம்!

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஏனென்றால் இந்த இரண்டு இசையும் பங்காளிகள். தூர தேசத்துப் பெரிய நகரங்களில், ஏறக்குறைய ஒரே காலத்தில், குப்பை வண்டி ஒழுங்காக வராத தெருக்களில் வளர்ந்தவை. ஒன்றின் கையில் ஓட்டைக் கிட்டார். இன்னொன்றின் கையில் வீட்டுப் பெரியவர்கள் வாங்கி வைத்திருந்த பழைய ரெக்கார்டு. இரண்டுமே தன் போஸ்டரைத் தானே ஒட்டிக்கொண்டன. சுவரில் எழுதின. யாரும் இடம் கொடுக்காததால், எடுத்துக்கொண்டன. ஒரே மேடையில் ஏறிய இரவுகளும் உண்டு. கூட்டத்தில் சிலர் காகிதக் கோப்பையை எறிந்தார்கள், சிலர் ஆடினார்கள். அதற்குப் பிறகு ஒன்றிடம் ஒன்று கடன் வாங்காத நாள் இல்லை.

பங்காளிகள் என்றால் உங்களுக்குத் தெரியுமே... பொதுச் சுவருக்காக முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். திருப்பிக்கொண்ட முகத்தின் ஜாடை மட்டும் ஒன்றாகவே இருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அக்கா குண்டைப் போட்டார். சேத்துப்பட்டில் ஒருவர் பழைய தறி ஒன்றை விற்கிறாராம். வாங்கினால் வைக்க இடம்? அந்த அறைதான்.

ஐந்து பேரும் முதன்முறையாக ஒன்றாகப் போய் நின்றார்கள். அக்கா யோசித்தார்.

“ஒன்னு பண்ணுங்க. அமாவாசைக்கு ஷெட்டு லீவு. தெருவே வீட்ல இருக்கும். வாசல்ல பலகை போட்டு ரெண்டு கோஷ்டியும் பாடுங்க. ஜனம் கடைசி வரைக்கும் நின்னுச்சுன்னா ரூமு உங்களுது. ஏந்து போயிடுச்சுன்னா... மறுநாளே தறி வந்து எறங்கும். யார்மேலயும் கோவம் கூடாது. இன்னா?”

அமாவாசை மதியம் தினேஷைக் கடையில் பார்த்தேன். ஒரு போனைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பயமா?” என்றேன்.

“ரூமு போச்சுன்னா கிட்டாரைக் கடையில மாட்டி, அதுல சார்ஜரு தொங்கவுட வேண்டியதுதான் சார்.”

ரேவதியிடம் கேட்டேன். “எங்க ஊர்ல பாடினா, பக்கத்து வீட்டு மாடு பால் கறக்க மாட்டேங்குதுன்றாங்க சார். எனக்கு இந்த ரூமை வுட்டா வேற எது?” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் துப்பட்டா நுனியைக் கயிறாகத் திரித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் தெரு முழுக்க பிளாஸ்டிக் நாற்காலி. நெசவு வீட்டு ஜனம் மொத்தமும் ஆஜர். பத்மா அக்கா முன்வரிசையில், கை கட்டிக்கொண்டு, நீதிபதி மாதிரி.

முதலில் ‘கரண்ட் கட்’. குணா குச்சிகளைத் தட்டினார் — ஒன், டூ, த்ரீ, ஃபோர்!

அவ்வளவுதான். வண்டி கவிழ்ந்தது.

எப்படிச் சொல்வேன்? மூன்று பேரும் மூன்று ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். டிரம்ஸ் முன்னால் ஓடியது. கிட்டார் பின்னால் தடுமாறி வந்தது. யூசுப் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நிறுத்தினார்கள். மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடி கவிழ்ந்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கமிருந்து நான் எத்தனையோ நாள் கேட்ட பாட்டு அது. ஒருநாளும் இப்படிச் சிதறியதில்லை.

“இன்னா தம்பி, கரண்ட் வரலியா?” என்று யாரோ கேட்க, தெரு சிரித்தது. மூன்றாம் நம்பர் தறியை ஓட்டுகிற ஏகாம்பரம் லுங்கியை உதறிக்கொண்டு எழுந்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர். நாற்காலிகள் கிரீச்சிட்டன. பத்மா அக்கா திரும்பிப் பார்த்தார். தினேஷின் முகத்தில் ரத்தம் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடடா, தறி ஓடவில்லையே!

அந்த அறையில் அவர்கள் ஒருநாள்கூடத் தறிச் சத்தம் இல்லாமல் வாசித்ததில்லை. அறைச் சுவரை ஒட்டி நிற்பது மூன்றாம் நம்பர் தறி. அதற்கு ஒரு விக்கல் உண்டு. டடக், டடக், டடக், ட...டக். ஒவ்வொரு நாலாவது அடியிலும் ஒரு சின்னத் தயக்கம். துணியில் ஒன்றும் தெரியாது, சத்தத்தில் மட்டும். தெரியாமலே அந்த விக்கலைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று பேரும் இத்தனை நாள் நடந்திருக்கிறார்கள். அமாவாசை அன்று கைத்தடியைப் பிடுங்கியாகிவிட்டது!

ஓரமாக நின்ற ரேவதி, ஷகிலாவின் தோளில் இடித்தாள். “ஏய், ஜனம் போவுதுடி. அவங்க வுழுந்தா நம்ம ரூமும் சேந்துதான் வுழும். எதுனா பண்ணு!”

ஷகிலா பலகையில் ஏறினாள். யாரையும் கேட்கவில்லை. தினேஷின் மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். உதட்டைக் குவித்தாள்.

டடக், டடக், டடக், ட...டக்.

தெரு அப்படியே நின்றது.

“டேய்!” — ஏகாம்பரத்தின் குரல் பாதி வழியிலிருந்து. “டேய், அது என் தறிடா! மூணாம் நம்பரு! நொண்டுது பாரு, அதேதான்!”

குணாவின் தோள்கள் இறங்கின. தலை ஆடத் தொடங்கியது. குச்சி விழுந்தது — சரியாக விக்கலின்மேல். யூசுப் சேர்ந்தார். தினேஷ் சேர்ந்தார். பாட்டு, எங்கள் தெருவில் எரியாத தெருவிளக்கைப் பற்றியது. “லைட்டப் போடு! லைட்டப் போடு!” அதுதான் பல்லவி, அதுதான் சரணமும். நாலாவது முறை தெருவும் சேர்ந்து கத்தியது. கத்துவது எங்களுக்குப் புதிதா என்ன?

தினேஷ் மூச்சு வாங்க நிறுத்தினார். தாளம் நிற்கவில்லை. ரேவதி மைக்கைப் பிடுங்கினாள்.

“ரத்தம் எடுக்க வந்தவள ஜாதி கேட்ட மாமா —
பாட்டில்ல பேரு ஒட்டலாம், ரத்தத்துல ஒட்டலாமா?”

பின்வரிசையில் ஒரு விசில்... பிறகு எல்லா வரிசையிலும். முன்னால் ஒரு மாமா மட்டும் செல்போனை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது வேறொன்றுக்கு. அவள் ஒருநாளும் அவர்களோடு பாடியதில்லை. ஒத்திகை இல்லை, பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் ஒரு சொல்கூட இடறவில்லை. அந்த விக்கல் வருகிற இடத்தில்தான் ரேவதி மூச்சு வாங்கினாள். அவளும் அதே சுவர்மேல் சாய்ந்து பாடியவள்தானே? பிளக் பாயின்டுக்கு அடித்துக்கொண்ட இரண்டு கோஷ்டியும், வேறு வேறு நேரங்களில், ஒரே தறியிடம் பாடம் கேட்டிருக்கிறார்கள். எல்லை என்று ஒரு முழம் விட்டு வைத்தார்களே சுவரில்... அதற்கு நேர் பின்னால்தான் மூன்றாம் நம்பர் நிற்கிறது.

அதற்குப் பிறகு எது பங்க், எது ராப்? யாருக்குத் தெரியும்? ரேவதி கூப்பாடு போட்டாள். தினேஷ் அடுக்குமொழி பேசினார். யூசுப், நம்ப மாட்டீர்கள், பாடினார்! ஏகாம்பரம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கை இரண்டையும் தறி ஓட்டுகிற மாதிரி வீசி ஆடினார். நாற்காலிகளை யாரோ ஓரம் கட்டினார்கள். நான் ஆடினேனா என்று கேட்காதீர்கள். முழங்கால் சொல்லும்.

முடிந்ததும் ஐந்து பேரும் வியர்வையோடு பத்மா அக்கா முன்னால் போய் நின்றார்கள்.

அக்கா முகத்தில் சிரிப்பே இல்லை. “நான் இன்னா சொன்னேன்? ஜனம் நின்னாத்தான் ரூமுன்னு சொன்னேன்.”

“ஆமாக்கா...”

“எவன் நின்னான்? எல்லாம் ஆடிகினு இல்ல இருந்துது!”

ஐந்து முகங்களும் பார்த்துக்கொண்ட பார்வை இருக்கிறதே... பிறகுதான் அக்கா வெடித்துச் சிரித்தார். சேத்துப்பட்டுக்காரருக்கு அங்கேயே போன் போட்டார்: “தறி வேணாங்க. இடமில்ல.”

மறுநாள் டடக்கென்று தெருவின் காது மூடிக்கொண்டது. தெருவிளக்கு இன்னும் எரியவில்லை. ஆனால் பால்காரர்கூட அந்தப் பல்லவியைத்தான் முணுமுணுக்கிறார். அறைச் சுவரில் விட்டிருந்த அந்த ஒரு முழத்தில் மின்னலும் குண்டு எழுத்தும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடக்கின்றன. அக்கா பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார்.

நேற்று ஷெட்டுக்கு மெக்கானிக் வந்தார். மூன்றாம் நம்பரைச் சரிசெய்ய அக்கா எப்போதோ சொல்லி வைத்திருந்தாராம். பையைக் கீழே வைப்பதற்குள் ஷகிலாவும் குணாவும் வாசலை மறித்துக்கொண்டார்கள்.

“நொண்டுதுன்னு நீங்கதானேங்க கூப்ட்டீங்க?” என்றார் மெக்கானிக், பாவம்.

பத்மா அக்கா அவருக்கு ஒரு டீயைக் கொடுத்துச் சொன்னார்: “நொண்டட்டும்ங்க. அதுக்கு பேண்டுல வேலை கெடச்சிடுச்சு!”