மரப்பெண்ணின் சிவப்புச் சேலை

மலாக்கா டவுனில் அத்தையும் சித்தப்பாவும் நடத்திய சேலைக்கடையின் வாசலில், கைகூப்பியபடி ஒரு மரப்பெண் நின்றாள். தாத்தா தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வரவழைத்தவள். மை தீட்டிய கண்கள், வலப்பக்கம் மூக்குத்தி. இடது சுண்டுவிரலில் மட்டும் நுனி இல்லை. எனக்கு எட்டு வயதானபோது நாங்கள் இருவரும் ஒரே உயரம்.

வெள்ளிக்கிழமைதோறும் அவளுக்குச் சேலை மாற்றுவார்கள். புதுச் சரக்கில் எது என்பதை அத்தைதான் முடிவு செய்வார். மாமா இறந்ததிலிருந்து அத்தை கட்டியதெல்லாம் சாம்பல் நிறமும் வெளிர்நீலமும்தான். மரப்பெண்ணுக்கோ மயில்கழுத்து, அரக்கு, மாம்பழ மஞ்சள். திரையை இழுத்து, ஆண்களை வெளியே அனுப்பிய பிறகே அத்தை அவள் முந்தானையில் கை வைப்பார். மரத்துக்கு என்ன மானம் என்று முணுமுணுத்துக்கொண்டே சித்தப்பா கடைமுன் அஞ்சடி நடைபாதைக்குப் போய்ச் சாலையைப் பார்த்து நிற்பார். சேலை வாங்க மனைவியோடு வந்த ஆண்களும் அப்படியே. திரைக்கு வெளியே காவல் நான்.

ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம், பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து அவளை விலைக்குக் கேட்டார். அந்தப் பணத்தில் முடி வைத்த பிளாஸ்டிக் பொம்மைகளே வாங்கலாம் என்றார் சித்தப்பா. எனக்குத் தலைகால் புரியவில்லை. முடி வைத்த பொம்மைகள்! ஆனால் இவள் போய்விட்டால் நான் யாரோடு உயரம் பார்ப்பது?

துணி இல்லாமல் பார்த்தால்தான் விலை சொல்ல முடியும் என்றார் வியாபாரி. அத்தை மறுத்தார். சித்தப்பா கெஞ்சியதும் திரையை இழுத்தார். சித்தப்பா வியாபாரியின் தோளைப் பிடித்துச் சாலைப்பக்கம் திருப்பிவிட்டார்.

திரை விலகியது. மரப்பெண் சேலை கட்டியிருந்தாள். மரத்திலேயே மடிப்பு மடிப்பாகச் செதுக்கிய சேலை. குங்குமச் சிவப்பு, பச்சைக் கரை. துணிக்குள்ளேயே இருந்ததால் வர்ணம் நேற்றுத் தீட்டியதுபோல் மின்னியது.

"ஏன்க்கா, சேல கட்டுனவளுக்கா இத்தன வருசமா தெர போட்ட? நா முதுகக் காட்டிக்கிட்டு நின்னேன்லா."

அத்தை அந்தப் பச்சைக் கரையை விரலால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தார். வியாபாரி கேட்காமலேயே விலையை உயர்த்தினார். சித்தப்பாவின் முகம் மலர்ந்தது.

"இவள விக்கிறதா இருந்தா கடைய நீயே பாத்துக்க தம்பி. இனிமே இவ மேல வேற சேலயும் சுத்த வேணாம். இப்படியே நிக்கட்டும்."

சித்தப்பாவுக்கு ஏமாற்றம், நான் துள்ளினேன். தள்ளியிருக்கும் செலண்டாரிலிருந்து சரக்கெடுக்க வந்தவர்கள்கூட அவளைப் பார்த்து அசந்துபோனார்கள்.

தீபாவளிக் காலை, பத்து பெரண்டாம் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்கு அத்தை வந்தார். குங்குமச் சிவப்புச் சேலை, பச்சைக் கரை. முறுக்குத் தட்டோடு வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். சித்தப்பா, கடையில் நிற்பதுபோலவே, சட்டென்று சாலைப்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

"அத்த, நீங்க நம்ம கடப் பொம்ம மாதிரியே இருக்கீங்க!"

அத்தை வாய்விட்டுச் சிரித்தார். அம்மா என் கையைக் கிள்ளினாள். பெரியவர்களைப் பொம்மை என்றதற்குத்தான் அந்தக் கிள்ளு என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு விளங்காதது ஒன்றே ஒன்றுதான்: இவ்வளவு நல்ல விளம்பரத்தை, கடை அடைத்திருக்கும் நாளில் அத்தை ஏன் கட்டிக்கொண்டு வந்தார்?